மூன்றாம் நம்பர் வெளிச்சம்

"விளக்கு நடுங்குது" என்றார் சபாநடேசன்.

தேன்மொழி நிமிரவில்லை. யார் வீட்டு மிக்ஸியோ அவள் மடியில் குடல் தெரியக் கிடந்தது.

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க சார்."

"போன வாரமும் நடுங்கிச்சு."

உறையூரில் அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஒயரிங் தேன்மொழி கடை என்று கேட்டால் யாரும் கை காட்டிவிடுவார்கள். சபாநடேசனுக்கு அவளை இன்னொரு விதமாகவும் தெரியும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் பிளஸ் ஒன்னில் இவருடைய பிசிக்ஸ் வகுப்பில் உட்கார்ந்திருந்தவள். அரையாண்டில் முப்பத்தொரு மார்க். ரிப்போர்ட் கார்டில் 'மின்னியலில் கவனம் போதாது' என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டவர் இதே சபாநடேசன்தான்.

இப்போது அறுபத்தாறு வயதில், அவள் கடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்திருக்கிறார். அவள் ஒரு தடவைகூட அந்தச் சிவப்பு மையைப் பற்றிப் பேசியதில்லை. பேசியிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்கு இருந்தது.

"என்னென்ன மாத்தினீங்க?"

"பல்பை மூணு தடவை மாத்தினேன். ஹோல்டரை மாத்தினேன். சுவிட்சை மாத்தினேன். பல்பு வாங்கற கடையையே மாத்திட்டேன்."

"நடுக்கம்?"

"அது மட்டும் மாறலை. டிம்மரைத் திருகி வெளிச்சத்தைக் குறைச்சா படபடன்னு அடிச்சுக்குது. 'ங்'ன்னு ஒரு இரைச்சல் வேற. சுவிட்சை அமர்த்தின பிறகும் உள்ளே மினுக்கு மினுக்குன்னு எரியுது. வீடு எங்க அப்பா கட்டினது, ஒயரெல்லாம் அந்தக் காலத்து ஒயர். எங்கேயோ உள்ளுக்குள்ள அறுந்து கிடக்குன்னு நினைக்கிறேன்."

"முன்னாடி என்ன பல்பு இருந்துச்சு?"

"நூறு வாட்ஸ் குண்டு பல்பு."

"இப்போ?"

"எல்.இ.டி. ஏழு வாட்ஸ்."

தேன்மொழி மிக்ஸியைக் கீழே வைத்தாள். தட்டில் கிடந்த சாமான்களில் விரலை விட்டுத் துழாவினாள்.

"கையை நீட்டுங்க சார்."

நீட்டினார்.

"கண்ணை மூடுங்க."

"எதுக்கு?"

"நீங்க நடத்துறப்போ நான் எதுக்குன்னு கேட்டேனா?"

மூடினார்.

"கையில ஏதாவது இருக்கா?"

சபாநடேசன் யோசித்தார். "வெச்சுட்டியா, இனிமேதான் வெக்கப்போறியா?"

"நீங்கதான் சொல்லணும்."

"இருக்கிற மாதிரியும் இருக்கு. இல்லாத மாதிரியும் இருக்கு."

"திறங்க."

உள்ளங்கையில் ஒரு திருகாணி இருந்தது. மிளகு அளவுக்குத்தான் இருக்கும்.

"உங்க டிம்மருக்கும் இதே தவிப்புதான் சார். நூறு வாட்ஸைத் தாங்கிப் பழகின கை அது. நீங்க ஏழு வாட்ஸைக் குடுத்திருக்கீங்க. இருக்குன்னு நினைச்சுப் பிடிக்குது. இல்லைன்னு நினைச்சு விட்டுடுது. மறுபடியும் பிடிக்குது."

சபாநடேசன் திருகாணியையே பார்த்துக்கொண்டிருந்தார். லோடு போதவில்லை. முப்பத்தைந்து வருஷம் சாக்பீஸ் பிடித்த மனிதருக்கு இதுகூடத் தோன்றவில்லை.

"அப்போ பழைய நூறு வாட்ஸையே வாங்கிப் போட்டுடறேன்."

"போடாதீங்க. நாளைக்கு வந்து பாக்கிறேன்."

"போட்டா என்ன?"

"பாக்காம நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"எனக்கு அவசரம்மா."

தேன்மொழி முதல்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். "ஒரு விளக்குக்கு என்ன சார் அவ்வளவு அவசரம்?"

சபாநடேசன் திருகாணியைத் தட்டில் போட்டார். பிறகு தெருவைப் பார்த்தபடி சொன்னார்:

"வீட்ல பேச்சு நின்னுபோச்சு."



அவர் மனைவி ரஞ்சிதத்துக்குக் காது கேட்காது. பிறவியில் வந்ததல்ல, முப்பத்து மூன்று வயதில் போனது. வாயசைவைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்ளப் பழகிவிட்டாள். பகலில் குடும்பம் நடத்த அது தாராளமாகப் போதும். மோட்டார் போடு, அரிசி வந்துவிட்டது, கதவைச் சாத்து. இதற்கெல்லாம் பாதி வாயும் பாதி கையுமாக வேலை நடந்துவிடும்.

ஆனால் மனிதர்கள் மோட்டாரைப் பற்றி மட்டுமா பேசுகிறார்கள்?

சபாநடேசனின் கோளாறு வேறு. வகுப்பில் கத்தினால் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். மனசில் இருப்பதைச் சொல் என்றால் மட்டும் வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும். அந்தப் பூட்டு இருட்டில்தான் திறக்கும். அவளுக்கோ இருட்டில் அவர் வாய் தெரியாது. அவருக்கு இருட்டு வேண்டும், அவளுக்கு வெளிச்சம் வேண்டும். இப்படி ஒரு ஜோடிப் பொருத்தம்.

இதற்காகத்தான் அவர் இருபத்தெட்டு வருஷத்துக்கு முன் ஒரு டிம்மர் வாங்கிவந்து தன் கையாலேயே படுக்கையறையில் மாட்டினார். அதன் திருகு குமிழைச் சுற்றி ஒன்றிலிருந்து ஆறு வரை பெயிண்டில் நம்பர் போட்டார். வாத்தியார் இல்லையா. விளக்கு அவள் தலைமாட்டுச் சுவரில். வெளிச்சம் அவர் முகத்தில் விழும். மூன்றாம் நம்பரில் வைத்தால் அவருக்குக் கூச்சம் விட்டுப்போகும், அவளுக்கு வாய் தெரியும்.

தினமும் அரை மணி நேரம். அவர் பேசுவார், அவள் 'ம்' கொட்டுவாள். அவள் முகம் நிழலில் இருக்கும். அதனால் என்ன, அவருக்குத்தான் காது கேட்கிறதே.

ரிட்டயர் ஆன வாரத்தில், அந்த மூன்றாம் நம்பர் வெளிச்சத்தில், இருபத்தோரு வருஷமாகத் தொண்டையில் நின்ற ஒன்றை அவர் சொல்லிவிட்டார்.

அவள் காது போன கதை அது. விடைத்தாள் திருத்தும் முகாம் நடந்துகொண்டிருந்த சமயம். காதுக்குள் வண்டு பறக்கிற மாதிரி இருக்கிறது, ஒரு பக்கம் அடைத்துக்கொண்டது என்று அவள் சொன்னாள். தலைக்குக் குளித்தபோது தண்ணீர் போயிருக்கும், சரியாகிவிடும் என்றார் அவர். மறுநாளும் சொன்னாள். மறுநாளும் அதையே சொன்னார். பத்து நாள் விடைத்தாள் திருத்தினார். பதினோராம் நாள் டாக்டரிடம் போனபோது இரண்டு காதும் போயிருந்தது.

"முதல் ரெண்டு நாள்ல வந்திருந்தா ஏதாவது செஞ்சு பாத்திருக்கலாம்" என்றார் டாக்டர். ரஞ்சிதம் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் சபாநடேசன் எழுதிக் காட்டினார்: 'எப்போது வந்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்குமாம்.'

இருபத்தோரு வருஷம் கழித்து அந்தப் பொய்யைத்தான் அவர் ஒப்புக்கொண்டார். தாமதித்தது என் தப்பு, மறைத்தது அதைவிடப் பெரிய தப்பு என்றார். குரல் உடைந்து, கொஞ்சம் அழுதுகூட விட்டார். எல்லாம் கேட்டுவிட்டு அவள், "ம்" என்றாள்.

திட்டவில்லை, விம்மவில்லை. ஒரே ஒரு 'ம்'. அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு எட்டு வருஷமாக அவர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறார்.

ஐந்து வாரத்துக்கு முன் குண்டு பல்பு ஃபியூஸ் ஆனது. கரண்ட் மிச்சமாகுமே என்று எல்.இ.டி. போட்டார். விளக்கு நடுங்கியது. "கண்ணு வலிக்குதுங்க" என்று ரஞ்சிதம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாளும் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்கடுத்த நாள் விளக்கைப் போடும் முன்பே திரும்பிவிட்டாள்.

அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்த சபாநடேசனுக்கு ஒரு பயம் வந்தது. அந்த 'ம்'மை அவள் திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டாளோ?

இதையெல்லாம் அவர் தேன்மொழியிடம் சொல்லவில்லை. பகல் பதினொரு மணிக்கு, அதுவும் கடைத்தெருவில், அவரால் எப்படிச் சொல்ல முடியும்? வாயசைவு, டிம்மர், மூன்றாம் நம்பர் என்பது வரைக்கும் சொன்னார்.

அவள் கேட்டுக்கொண்டாள். மிக்ஸியை மறுபடி மடியில் எடுத்து வைத்தாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வர்றேன் சார்."



பத்து மணிக்கு வந்தாள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு நேராகப் படுக்கையறைக்குப் போனாள். சுவிட்சைப் போட்டாள், அமர்த்தினாள். பல்பைக் கழற்றினாள்.

"சார், இப்போ சுவிட்ச் எப்படி இருக்கு?"

"அமர்த்தியிருக்கு."

தேன்மொழி டெஸ்டரை ஹோல்டருக்குள் வைத்தாள். டெஸ்டர் பளிச்சென்று சிவந்தது.

"அமர்த்தியிருக்குன்னு யார் சொன்னது?"

"பல்பு எரியலையே."

"எரியலைன்னா கரண்ட் இல்லைன்னு அர்த்தமா சார்?"

சபாநடேசன் கிட்டே வந்து பார்த்தார். அவருக்கு வியர்த்தது. சுவிட்ச் நியூட்ரல் ஒயரில் இருந்தது. கரண்ட் வருகிற வழியை மறிக்க வேண்டிய சுவிட்ச், திரும்பிப் போகிற வழியை மறித்துக்கொண்டிருந்தது. பார்க்க விளக்கு அமர்ந்த மாதிரி இருக்கும். உள்ளே கரண்ட் வந்தது வந்தபடி நிற்கும்.

"இத்தனை வருஷம் இதுல பல்பு மாத்தினவங்க கை தப்பிச்சதே பெரிசு" என்றாள் தேன்மொழி. "யார் சார் இந்த ஒயரிங் செஞ்சது?"

சபாநடேசன் உத்தரத்தைப் பார்த்தார். "பழைய ஒயர்மா. எல்லாம் ஒரே கறுப்பா இருந்துச்சு. எது எதுன்னு தெரியலை."

"யார் செஞ்சதுன்னு கேட்டேன்."

"நான்தான்."

தேன்மொழி டெஸ்டரைச் சட்டைப்பையில் செருகினாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"கவனம் போதாது" என்றாள்.

 சபாநடேசன் சிரித்துவிட்டார். இருபத்திரண்டு வருஷத்து முள் ஒன்று சுளுவாக வெளியே வந்துவிட்ட மாதிரி இருந்தது. அவளும் சிரித்தாள்.

சிரிப்புக்கு நடுவில் ரஞ்சிதம் மோர் கொண்டுவந்தாள். என்ன சிரிப்பு என்று கண்ணால் கேட்டாள்.

தேன்மொழி டம்ளரை வாங்கிக்கொண்டு ஜன்னலருகே போனாள். முகத்தில் வெயில் விழும்படி திரும்பி நின்றுகொண்டாள். ரஞ்சிதம் தன்னைப் பார்க்கும் வரை பொறுத்திருந்தாள். அப்புறம்தான் வாயைத் திறந்தாள்.

"சார் பரீட்சையில ஃபெயில் ஆயிட்டார்மா."

ரஞ்சிதம் வாய்விட்டுச் சிரித்தாள். "எதுல?"

"கரண்ட்ல."

"அவர் எப்பவும் அப்படித்தான். புத்தகத்துல பாஸ்."

சொல்லிவிட்டு ரஞ்சிதம் அடுப்படிக்குப் போனாள். அவள் இப்படிப் படக்கென்று பதில் சொல்லிப் பார்த்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று சபாநடேசன் நினைத்தார்.

"ஏன் ஜன்னல்கிட்ட போய் நின்னே?"

"அம்மாவுக்கு என் வாய் தெரியணும்ல சார்."



தேன்மொழி மெயினை நிறுத்திவிட்டு வேலையில் இறங்கினாள். விளக்கின் பின்பக்கத்து ஒயரைத் தொட்டதும் அதன் மேல் சுற்றியிருந்த துணி மாவாக உதிர்ந்தது. நூறு வாட்ஸ் சூடு இருபத்தெட்டு வருஷமாக அதை வறுத்திருந்தது.

"இதுக்குத்தான் போடாதீங்கன்னு சொன்னேன். புது ஒயர் இழுத்துத் தர்றேன். ஆனா இந்தத் துணி மூடி போட்ட விளக்குல இனிமே நாற்பதுக்கு மேல போடக் கூடாது. தீப்பிடிச்சா யார் பதில் சொல்றது?"

"நாற்பது போட்டா டிம்மர் பிடிக்குமா?"

"பிடிக்காது. அதுக்குக் குறைஞ்சது அறுபதாவது வேணும்."

"அப்போ என்னதான் பண்றது?"

"ரெண்டு நாற்பது வாட்ஸ் குண்டு பல்பு."

"ரெண்டாவதை எங்கே மாட்டறது?"

"உங்க தலைமாட்டுல."

"எனக்கெதுக்கும்மா விளக்கு? எனக்குத்தான் காது நல்லா கேக்குதே."

"உங்களுக்கு யார் குடுத்தா? டிம்மருக்கு வேணும் சார்."

டிம்மருக்கு வேண்டும் என்றால் என்ன செய்வது. தலையாட்டினார்.

அவள் பழைய ஒயரை உருவினாள். நியூட்ரலில் இருந்த சுவிட்சை எடுத்து, கரண்ட் வருகிற ஃபேஸ் ஒயரில் போட்டாள். சபாநடேசன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார், திருப்புளி எடுத்துக் கொடுத்தார், பழைய வாத்தியார் என்பதையே கொஞ்ச நேரம் மறந்துபோனார். டிம்மர் பெட்டியைத் திறந்து தூசு தட்டும்போது தேன்மொழி அந்தப் பெயிண்ட் நம்பர்களைத் தடவிப் பார்த்தாள். மூன்றின் மேல் கைபட்டுக் கைபட்டு அந்த எண்ணே தேய்ந்திருந்தது. நான்கும் ஐந்தும் ஆறும் புதுசாக இருந்தன.

"எப்பவும் மூணுதானா சார்?"

"எப்பவும் மூணுதான்."

"ஆரம்பத்துலேர்ந்தே?"

"ஆமா."

"அம்மாவுக்கு அது போதுமா?"

"போதும்."

"அவங்க சொன்னாங்களா?"

"போதலைன்னா சொல்ல மாட்டாளா?"

தேன்மொழி பெட்டியை மூடித் திருகாணியை முறுக்கினாள். 

"என்கிட்டே கேக்கறீங்களே சார்" என்றாள்.



பன்னிரண்டரைக்கு வேலை முடிந்தது. தேன்மொழி மெயினைப் போட்டாள். ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். அந்தக் காலத்துச் சுவர், அந்தக் காலத்துத் தேக்குக் கதவு. நட்டநடுப் பகலில் அறை கும்மிருட்டாகிவிட்டது.

ரஞ்சிதத்தைக் கையைப் பிடித்து அழைத்துவந்து கட்டிலில் அவள் இடத்தில் உட்காரவைத்தாள்.

"நீங்களும் உங்க இடத்துல உக்காருங்க சார். எப்பவும் எப்படிப் பேசுவீங்களோ அப்படிப் பத்து நிமிஷம் பேசுங்க. டிம்மர் நிக்குதான்னு பாக்கணும்."

"இப்பவா? என்ன பேசறது?"

"அது எனக்கெப்படித் தெரியும்? நான் கூடத்துல இருக்கேன்."

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

சபாநடேசன் சுவிட்சைப் போட்டார். திருகை மூன்றுக்குக் கொண்டுவந்தார். இரண்டு பல்பும் மெல்ல மஞ்சளாக ஒளிர்ந்தன. நடுக்கம் இல்லை, இரைச்சலும் இல்லை. வெளிச்சம் அசையாமல் நின்றது.

ஐந்து வாரத்துக்கு அப்புறம் ரஞ்சிதம் அவர் பக்கம் திரும்பினாள். வழக்கம்போல அவர் கையை எடுத்துத் தன் கைமேல் வைத்துக்கொண்டாள்.

"எதிர்வீட்டுல பைப் உடைஞ்சுபோச்சு" என்று ஆரம்பித்தார்.

"ம்" என்றாள்.

"காலையிலேர்ந்து தண்ணி தெருவுல ஓடுது. கார்ப்பரேஷனுக்குச் சொல்லியாச்சாம்."

"ம்."

அதே 'ம்'. கேட்டதும் நெஞ்சு குளிர்ந்தது. அப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். அவர் தலைக்குப் பின்னாலிருந்த புது விளக்கின் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

இருபத்தெட்டு வருஷத்தில் அந்த முகத்தை அந்த நேரத்தில் அவர் பார்த்ததே இல்லை.

புருவம் இரண்டும் முடிச்சாக நெரிந்திருந்தது. கண்ணைச் சுருக்கி, கழுத்தை முன்னால் நீட்டி, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசியில் நூல் கோக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயற்சி செய்கிறவள் முகம் அது. அவர் வாய் நின்றதும் முகத்தில் சட்டென்று ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, "ம்" என்றாள்.

சபாநடேசன் முகத்தை மாற்றாமல் கேட்டார்:

"நாளைக்கு என்ன சமைக்கப்போறே?"

"ம்" என்றாள் ரஞ்சிதம்.

"சார், நிக்குதா?" என்று கூடத்திலிருந்து தேன்மொழி குரல் கொடுத்தாள்.

அவர் கை தானாகத் திருகுக்குப் போயிற்று. நான்கு, ஐந்து. ஆறுக்கு வந்தபோது அறையில் ஒளிவதற்கு ஒரு மூலைகூட மிச்சமில்லை. ரஞ்சிதம் கண்ணைக் கொட்டினாள்.

"என்னங்க, இவ்வளவு வெளிச்சம் வெக்கறீங்க?"

"மூணுல நான் பேசறது உனக்குத் தெரியலையா?"

அவர் வாயைப் பார்த்தாள். இந்த முறை புருவம் நெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியலை."

"எத்தனை நாளா?"

"ரொம்ப நாளாச்சுங்க. நீங்க ரிட்டயர் ஆறதுக்கு முன்னாடியிலேர்ந்தே. கண்ணு மங்கிப்போச்சு."

ரிட்டயர் ஆவதற்கு முன்பிலிருந்தே. சபாநடேசன் அந்த வார்த்தையை மனசுக்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். அந்த 'ம்'மும் இந்த 'ம்'தான். எட்டு வருஷமாக அவர் தலைக்கு வைத்துத் தூங்கிய தலையணை அது.

"ஏன் சொல்லலை?"

"சொன்னா வெளிச்சத்தைக் கூட்டுவீங்க. வெளிச்சம் கூடினா நீங்க பேச மாட்டீங்க." அவள் குரல் வழக்கம்போலக் கொஞ்சம் உரக்கவே வந்தது. "நீங்க பேசறப்ப கை என் கைமேல இருக்கும். சிரிச்சா விரல் சிரிக்கும். ஒருநாள் அழுதீங்க, எதுக்குன்னு தெரியலை. கேட்டா நிறுத்திடுவீங்களோன்னு 'ம்' கொட்டிட்டேன்."

கூடத்தில் பையின் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு வாசல் கதவு. தேன்மொழி சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டாள்.

சபாநடேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அத்தனை வெளிச்சத்தில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. திருகைக் குறைத்துவிடலாமா என்று ஒரு தரம் கை எழும்பியது. அப்புறம் கீழே இறங்கிவிட்டது.

"ரஞ்சிதம், இங்கே பாரு."

பார்த்தாள்.

சொன்னார். ஒவ்வொரு வார்த்தையாக, வாயை நன்றாகத் திறந்து சொன்னார். காதில் வண்டு பறக்கிறது என்று நீ இரண்டு நாள் சொன்னாய். நான் விடைத்தாள் திருத்தப் போனேன். முதல் இரண்டு நாளில் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார் டாக்டர். நான் உனக்கு வேறு எழுதிக் காட்டினேன். என் தப்பு. எல்லாம் என் தப்பு.

ரஞ்சிதம் ஒரு 'ம்'கூடக் கொட்டவில்லை. அவர் வாயைப் பார்த்தபடியே இருந்தாள். 

"தெரியும்" என்றாள்.

"என்ன?"

"அன்னிக்கே தெரியும். டாக்டர் ரெண்டு விரலைக் காட்டினார். நீங்க தரையைப் பாத்தீங்க. வெளியே வந்து சீட்டுல என்னவோ எழுதினீங்க. எழுதறப்ப உங்க கை நடுங்கிச்சு."

சபாநடேசனுக்குக் குரல் எழும்பவில்லை. அவளுக்குக் குரல் தேவையும் இல்லை. வெறும் வாயை அசைத்தார்.

"ஏன் கேக்கலை?"

"நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்."

"இருபத்தொன்பது வருஷமாவா?"

"ஆமா."

"கோபம் இல்லையா உனக்கு?"

"இருந்துச்சு."

"எப்ப வரைக்கும்?"

ரஞ்சிதம் புடவைத் தலைப்பை எடுத்து அவர் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"இப்ப வரைக்கும்."